ஏட்டில் உறங்கிய இசையும் ஆடலும்

கிறிஸ்து பிறந்த திருநாளை ஒட்டி நம் ஆலயங்களிலும் கல்லூரிகளிலும் பாடப்பெறும் ஆங்கிலக் கீதங்களுள் ‘டிங் டாங் மெரிலி ஆன் ஹை’ என்பது ஒன்று. மணியோசை போலத் துள்ளித் தொடங்கி, ‘குளோரியா’ என்னும் ஒரே சொல்லை நெடுந்தூரம் அலையலையாக இழுத்துச் செல்லும் அதன் மெட்டினை ஒருமுறை கேட்டவர் எளிதில் மறவார். அதன் சொற்களை இயற்றியவர் ஜார்ஜ் ராட்கிளிஃப் உட்வர்ட் என்னும் ஆங்கிலக் குருவானவர். அவை அச்சேறியது 1924 ஆம் ஆண்டில். மெட்டோ அதனினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. 1589 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லாங்கர் நகரிலே அச்சான ஓர் ஆடல் நூலில் அது காணப்படுகின்றது. வாயாற் பாடுதற்கென்று அம்மெட்டு ஆங்கே வைக்கப்படவில்லை. கைகோத்து நின்று காலால் ஆடுதற்கென்றே வைக்கப்பட்டது. அந்நூலை எழுதினவரும் ஒரு திருச்சபைக் குருவே என்பது நம் வியப்பை மிகுவிப்பதாகும்.

பாட்டின் மெட்டு இவ்வாறு பிழைத்தது. ஆனால் அதற்குரிய ஆடல் என்னாயிற்று? அதனுடன் ஒலித்த கருவிகள் எங்கே போயின? ஆசிரியன் மாணாக்கனுக்குக் கைகாட்டிக் கற்பித்த வழிமுறை இடையில் அறுந்துபோனபின், ஏட்டில் எஞ்சிய சில கோடுகளையும் புள்ளிகளையும் கொண்டு ஒரு கலையை மீட்டல் இயலுமோ? ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம்முள் வழங்கும் பழமொழி. அப்பழமொழியைப் பொய்யாக்க முயன்றவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. அவர்களுட் சிலர் பேரறிஞர்; பெரும்பாலோர் பகலெல்லாம் வேறு தொழில் புரிந்து மாலையில் ஒன்றுகூடும் எளிய மக்கள். ஐரோப்பாவின் இடைக்கால இசையும் மறுமலர்ச்சிக் கால ஆடலும் இன்று உயிரோடு உலவுவதற்கு இவ்விரு சாராரும் காரணராவர். நூல் சொல்லாது விட்டதைக் கூட்டுறவே சொல்லித் தந்தது என்பதை யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண், எஞ்சியவை யாவை என்பதைக் காண்போம். இடைக்காலத்து ஆடல் இசையில் நமக்குக் கிடைத்திருப்பது மிகச் சிறிதே. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரிசு ஏட்டுச்சுவடி ஒன்றில், ‘எஸ்தாம்பி’ என்னும் வகையைச் சார்ந்த சில மெட்டுகள் உள்ளன. அவற்றிற்கு எவ்வாறு அடிவைத்தனர் என்று எவரும் எழுதி வைத்திலர். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரெடிங் மடத்தைச் சார்ந்த சுவடியொன்றில், வேனில் வரவையும் குயிலையும் பாடும் ஒரு சுழற்பாட்டு இருக்கின்றது. ஒருவர் தொடங்கிச் சிறிது சென்றபின் அடுத்தவர் அதே மெட்டைத் தொடங்க, நால்வர் ஒருவர் பின் ஒருவராகப் பாடுவர். இருவர் அடிநிலையில் ஒரு சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப இசைப்பர். அதன் அருகே இலத்தீன் மொழியில் ஒரு குறிப்பும் உண்டு. அடிநிலையாளர் நீங்கலாக, இதனை மூவரிற் குறைந்தோர், மிகக் குறைந்தால் இருவரிற் குறைந்தோர், பாடலாகாது என்பது அதன் கருத்து. எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வேடும் தோழர்களை அழைத்து வருமாறே நம்மைப் பணிக்கின்றது!

பதினைந்தாம் நூற்றாண்டில் நிலைமை சற்றே திருந்திற்று. இத்தாலி நாட்டின் அரண்மனைகளில் ஆடல் ஆசிரியர்கள் தோன்றித் தம் கலையை நூலாக்கினர். யூத குலத்திற் பிறந்த குலியெல்மோ என்பாரின் நூல் 1463 ஆம் ஆண்டினது. பிரசெல்சு நகர நூலகத்தில் ஒரு சுவடி உண்டு. கருஞ்சாயம் ஏற்றிய தோலின்மேல் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதப்பெற்றது. அதன்கண் மெட்டுகளின் கீழே ஒவ்வோர் எழுத்தாக அடிகள் குறிக்கப்பட்டுள்ளன: வணக்கத்திற்கு ஓர் எழுத்து, ஒற்றையடிக்கு ஓர் எழுத்து, இரட்டையடிக்கு ஓர் எழுத்து. காண்பதற்கு அழகு மிக்கது. ஆயினும் முன்பே ஆடத் தெரிந்தவர்க்கே அது நினைவூட்டுமேயன்றி, அறியாதவர்க்கு எளிதிற் கற்பிக்காது.

அச்சுக்கலை வந்தபின்னரே இசை அரண்மனையையும் ஆலயத்தையும் கடந்து இல்லங்களுக்குள் நுழைந்தது. 1501 ஆம் ஆண்டில் வெனிசு நகரத்துப் பெத்ருச்சி பல குரல் இசைத்தொகுதி ஒன்றை முதன்முதலாக அச்சிட்டார். அதன்பின் பாரிசு நகரத்து அத்தேஞ்ஞான் குறைந்த செலவில் அச்சிடும் முறையைக் கையாண்டார். ஆன்ட்வெர்ப்பு நகரத்துச் சூசாட்டோ 1551 ஆம் ஆண்டிலும், செருமானியராகிய மிக்கேல் பிரட்டோரியசு 1612 ஆம் ஆண்டிலும் ஆடல் இசைத் தொகுதிகளை வெளியிட்டனர். பின்னதில் மட்டும் 300க்கு மேற்பட்ட ஆடல்கள் உள்ளன. சூசாட்டோவின் நூல் முகப்பிலேயே, எல்லா இசைக்கருவிகளாலும் இசைத்தற்கு ஏற்றது என்னும் பொருள்பட அச்சிடப்பட்டுள்ளது. இன்ன கருவிதான் வேண்டும் என்னும் கட்டளை இல்லை. வீட்டில் உள்ளதைக் கொண்டு வருக என்பதே அதன் அழைப்பாகும்.

இந்நூல்கள் அமைந்த முறை நம் கருத்திற் கொள்ளத்தக்கது. நம் இசை ஒரு மெட்டின் வழியே செல்வது. அவர்தம் இசையோ நான்கு ஐந்து குரல்கள் ஒரே காலத்தில் வெவ்வேறு வழியிற் சென்று, ஒன்றோடொன்று இயைந்து நிற்பது. இக்காலத்தில் அக்குரல்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுவர். அக்காலத்திலோ ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தனிப்புத்தகம். மேற்குரல் பாடுவோன் கையில் மேற்குரல் மட்டுமே இருக்கும். கீழ்க்குரலோன் செய்வது இன்னது என்று அவன் கண்ணாற் காண இயலாது. தாள அளவைக் காட்டும் பகுப்புக் கோடுகளும் பெரும்பாலும் இல்லை. தான் வழி தவறினால், ஏட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது; பிறர் குரலைக் கேட்டே திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணை நம்பிய இசையன்று அது. காதை நம்பிய இசை.

இத்தகைய புத்தகத்தைக் கையிற் கொடுத்தவுடன் பாடவல்லவராதல் நன்மக்கட்கு உரிய கல்வியெனக் கருதப்பட்டது. தாமசு மோர்லி என்னும் ஆங்கில இசைப்புலவர் 1597 ஆம் ஆண்டில் வெளியிட்ட இசை இலக்கண நூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகின்றது. விருந்து முடிந்தபின் இல்லத்தலைவி ஒரு குரற்புத்தகத்தை இளைஞனொருவன் கையில் தர, அவன் பாடத் தெரியாதென்று நாணி நிற்கின்றான்; இவன் எவ்வாறு வளர்க்கப்பட்டானோ என்று கூடியிருந்தோர் வியக்கின்றனர். மறுநாளே அவன் ஆசிரியரைத் தேடி ஓடுகின்றான். விளம்பரத்தின் பொருட்டு மோர்லி சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். எனினும், இசையை இருந்து கேட்பதினும் கூடி இசைப்பதே பெரிதென மதித்த ஒரு வாழ்க்கையை அக்காட்சி நமக்குப் புலப்படுத்துகின்றது.

இனிக் கருவிகளைக் குறித்துச் சில கூறுவோம். அவற்றை ‘உரத்தவை’ என்றும் ‘மெல்லியவை’ என்றும் அக்காலத்தார் இருவகைப்படுத்தினர். திறந்த வெளியில் முழங்கியது ‘ஷாம்’. அது நம் நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி பொருத்தப்பெற்று, கீழே விரிந்து செல்லும் மரக்குழல். அதற்குத் துணையாக நின்றது ‘சாக்பட்’ என்னும் பித்தளைக் கருவி. இன்றைய டிராம்போனின் மூதாதை. அறையினுள் ஒலித்தவை லூட் என்னும் நரம்புக்கருவியும், வயோலும், ரிக்கார்டரும். ஆறு நரம்பும், கழுத்தில் நரம்பாற் கட்டிய மெட்டுகளும் உடைய வயோல், கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படுவது. ரிக்கார்டர் என்பது நுனியில் வாய்வைத்து நேராகப் பிடித்து ஊதும் குழல். முன்புறம் ஏழு துளையும், பின்புறம் கட்டைவிரலுக்கு ஒரு துளையும் அதற்கு உண்டு. இக்கருவிகள் குடும்பம் குடும்பமாகச் செய்யப்பட்டன. ஒரே வகைக் குழலே சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாய் அமைந்து, மேற்குரல் முதல் கீழ்க்குரல் வரை ஏற்றுக்கொள்ளும்.

காலப்போக்கில் இவையெல்லாம் வழக்கொழிந்தன. அரங்குகள் பெரியவாயின, பெரிய அரங்கை நிரப்ப உரத்த ஒலி வேண்டுவதாயிற்று. வயோலின் இடத்தை வயலின் குடும்பமும், ரிக்கார்டரின் இடத்தைப் பக்கவாட்டில் ஊதும் புல்லாங்குழலும் கைப்பற்றின. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பழைய கருவிகள் காட்சிச்சாலைப் பொருள்களாயின. இசைப்போர் சிலராகவும் கேட்போர் பலராகவும் பிரிந்தனர்.

உறங்கிய இவ்விசையை எழுப்ப முயன்றோருள் தலைசிறந்தவர் ஆர்னால்டு டால்மெட்ச். பிரான்சு நாட்டின் லெமான் நகரில் 1858 ஆம் ஆண்டில் இசைக்கருவி செய்யும் குடும்பத்திற் பிறந்த இவர், பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். நூலகங்களில் தூசு படிந்து கிடந்த பழைய வயோல் இசையைக் கண்டெடுத்தார். ‘பழங்கருவி குறையுடையது, அதனாலன்றோ மறைந்தது’ என்பது அந்நாளைய அறிஞர் பலரின் எண்ணம். டால்மெட்ச் அதனை ஏற்கவில்லை. அவ்விசைக்கு அக்கருவியே உரியது என்று துணிந்து, லூட்டும் வயோலும் பிறவும் தம் கையாலேயே செய்தார். மனைவி மக்கள் அனைவர்க்கும் கற்பித்துத் தம் குடும்பத்தையே ஓர் இசைக்குழுவாக்கினார். 1919 ஆம் ஆண்டில் அவருடைய சிறு மகன் கார்ல், அரிய பழைய ரிக்கார்டர் இருந்த பையை இலண்டன் வாட்டர்லூ இரயில் நிலையத்தில் மறந்து வைத்துவிட்டான். தந்தையார் வருந்தினாரேனும் வாளா இருந்திலர். முன்னர் எடுத்துவைத்திருந்த அளவுகளைக் கொண்டு புதிய குழல்களைச் செய்யத் தலைப்பட்டார். ஒரு குழல் தொலைந்ததனாற் பல குழல்கள் பிறந்தன. 1925 ஆம் ஆண்டில் ஹேசில்மியர் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய இசைவிழா, பழைய இசைக்கென்றே அமைந்தது. அவர் மனைவியார் மேபல், பழைய ஆடல்களை ஆராய்ந்து 1949 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார்.

டால்மெட்ச் 1940 ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்குள் அவர் மூட்டிய தீ பரவத் தொடங்கிவிட்டது. ரிக்கார்டர் இசைப்போர் சங்கம் இங்கிலாந்தில் 1937 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 1939 ஆம் ஆண்டிலும் தோன்றின. வயோலுக்குரிய சங்கம் இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டில் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிளாஸ்டிக்கினாற் செய்த குழல் குறைந்த விலைக்குக் கிடைக்கவே, பள்ளிச் சிறுவரும் அதனைக் கைக்கொண்டனர். 1967 ஆம் ஆண்டில் டேவிட் மன்ரோ என்னும் இளைஞர் இலண்டனில் நிறுவிய குழு, வானொலி வாயிலாகவும் இசைத்தட்டுகள் வாயிலாகவும் இவ்விசையை எண்ணிறந்தோர் செவிக்குக் கொண்டு சென்றது. கேட்டவரிற் பலர் கேட்டதனோடு அமையாது, தாமும் கருவி வாங்கினர். அண்டை அயலாரைச் சேர்த்துக்கொண்டனர். இவ்வாறு ஊர்தோறும் சிறு குழுக்கள் எழுந்தன.

அத்தகைய குழுவின் மாலைக் கூட்டம் எவ்வாறு நடைபெறும்? ஆலயத்தை அடுத்த கூடமோ பள்ளி அறையோ போதும். ஆசிரியர், எழுத்தர், மருத்துவர், இல்லத்தரசியர், மாணவர் எனப் பலதிறத்தாரும் வருவர். முதலிற் குழல்களின் சுருதியைச் சேர்ப்பர். குளிர்ந்த குழல் தாழ்ந்தும், மூச்சாற் சூடேறிய குழல் உயர்ந்தும் ஒலிக்குமாதலின், இதற்கே சிறிது நேரம் செல்லும். நால்வர் நான்கு குரல்களை ஏற்பர். இடையில் நின்று கோல் அசைக்கும் தலைவர் இரார். ஒருவர் மூச்சை உள்வாங்கும் அசைவைக் கண்டே ஏனையோர் தொடங்குவர். புதியவர்க்கு எளிய கீழ்க்குரல் தரப்படும். பிழை நேரின் நிறுத்தாது, அடுத்த சந்திப்பில் வந்து சேர்ந்துகொள்ள அவர் பழகுவார். கூடத்தின் மறுபுறத்தே ஆடுவோர் அடிகளை மெல்ல நடந்து பார்ப்பர். இசையும் அடியும் தனித்தனியே ஓரளவு படிந்தபின் இரண்டும் ஒன்றுசேரும். அப்பொழுதுதான் உண்மையான கல்வி தொடங்குகின்றது.

இவ்விடத்தே, தொடக்கத்திற் கூறிய லாங்கர் நகரக் குருவை மீண்டும் அழைப்போம். அவர் இயற்பெயர் ழான் தபூரோ. நூலில் தம் பெயரின் எழுத்துகளை மாற்றி அமைத்துத் ‘துவானோ அர்போ’ என்று தம்மை மறைத்துக்கொண்டார். அந்நூல் ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் முறையில் அமைந்தது. மாணாக்கன் சட்டம் பயின்றவன். வாட்போரும் பந்தாட்டமும் கற்றவன். ஆடல் அறியாமையால் நல்லோர் அவையில் ஒதுங்கி நிற்க நேர்ந்ததென்று முறையிடுகின்றான். முதிய ஆசிரியர் அன்போடு கற்பிக்கின்றார். அவர் செய்த பேருதவி யாதெனில், மெட்டினைப் பக்கத்தின்மேல் செங்குத்தாக அச்சிட்டு, ஒவ்வொரு சுரத்தின் பக்கத்திலும் அதற்குரிய அடியின் பெயரைப் பொறித்தமையே. எந்த ஒலிக்கு எந்தக் கால் என்னும் வினாவிற்கு விடை கிடைத்தது.

அவர் விளக்கும் ஆடல்களுள் ‘பவான்’ என்பது ஊர்வலம் போன்றது. இரண்டு ஒற்றையடியும் ஓர் இரட்டையடியுமாகப் பெருமிதத்தோடு நடப்பது. முரசு ஒரு நெடிலும் இரு குறிலுமாய் முழங்கும். ‘கேலியார்டு’ துள்ளல் ஆடல். ஆறு எண்ணிக்கைக்குள் நான்கு முறை காலை முன்வீசி, பின் உயரத் துள்ளி, ஆறாவதில் நிலைகொள்வது. ‘பிரான்ல்’ என்பது வட்டமாகக் கைகோத்துப் பக்கவாட்டில் அசைவது. அதனுள்ளும் முதியோர்க்கு நிதானமான வகையும், இளந்தம்பதிகட்குக் களிப்பான வகையும், மிக இளையோர்க்கு விரைவான வகையும் உண்டு என்கின்றார் அர்போ. வண்ணார மகளிர் துணி துவைப்பது போலக் கைதட்டும் ஆடலும், குதிரை போலக் காலைத் தட்டும் ஆடலும் சிறுவர்க்கும் எளியன. ஓர் ஊரார் எல்லாரும், எவரும் வெளியே நின்றுவிடாமல், ஒரே வட்டத்தில் இடம்பெறுதற்கு இது வழியன்றோ!

ஆயினும் அர்போவும் சொல்லாது விட்டது ஒன்றுண்டு, அது வேகம். நேரத்தை நுணுகி அளக்கும் கருவி அன்று இல்லை. கேலியார்டு எத்துணை விரைவாகச் செல்ல வேண்டும் என்று குழலோர் தமக்குள் வாதிட்டால் முடிவு பிறவாது. ஆடுவோனை அழைத்தால் உடனே பிறக்கும். இசை மிக விரைந்தால் அவன் துள்ளி இறங்குமுன் அடுத்த அடி வந்துவிடும். மிகத் தாமதித்தால் அவன் வானத்தில் தங்க மாட்டாது முன்னரே விழுந்துவிடுவான். தாழ ஆடும் ‘தோர்தியோன்’ விரைவாகவும், உயரத் துள்ளும் கேலியார்டு நிதானமாகவும் செல்லும் என்று அர்போ கூறுவதன் காரணமும் அப்பொழுது விளங்கும். மனிதன் துள்ளும் உயரமும் அவன் நிலத்தில் இறங்கும் காலமும் 1589 ஆம் ஆண்டில் எவ்வாறோ இன்றும் அவ்வாறே. எழுதாத சுவடியாக மனித உடம்பு நின்று, அறுந்த வழிமுறையின் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றது. தனியறையில் அமர்ந்து நூல் மட்டும் பயின்றார்க்கு இப்பேறு வாய்த்தல் அரிது.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன் யாங்கள் நால்வர் இதனைச் சிறிதளவு சோதித்துப் பார்த்தோம். எங்கள் பாடகர் குழுவில் ‘குளோரியா’ வரும் இடத்தே நாள்தோறும் மூச்சு முட்டி, வரவர வேகம் மிகுந்து, இறுதியில் மூலைக்கு ஒருவராய்ச் சிதறுவோம். ஒருநாள் இரவு விடுதிக் கூடத்தில் ஒரு நண்பர் மூங்கிற் குழலில் மெட்டை வாசிக்க, மற்றொருவர் மேசையில் தாளம் தட்ட, ஏனையோர் அர்போ சொன்னபடி இடப்புறம் நான்கு எண்ணிக்கையும் வலப்புறம் நான்கு எண்ணிக்கையுமாக நடந்துகொண்டே பாடினோம். முதலிற் சிரிப்பே மிகுந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். ஆனால் காற்பங்கு மணி நேரத்திற்குள் கால்கள் தாமே ஒரு வேகத்தைத் தேர்ந்துகொண்டன. அது யாம் நாள்தோறும் பாடியதினும் நிதானமானது. அடி திரும்பும் இடத்தில் மூச்சும் தானாகவே வந்தது. இதனை ஆராய்ச்சியெனக் கூறத் துணியேன். எனினும், பல நாள் கடிந்துரைத்தும் வராத ஒழுங்கு, கைகோத்து நடந்தவுடன் வந்தமையை யான் மறப்பதற்கில்லை.

இம்முயற்சியைக் குறைகூறுவாரும் உளர். ‘அக்காலத்துச் செவியை நீவிர் பெற இயலுமோ? இறந்தோர் உடையை உடுத்துக்கொண்டு ஆடுதலால் பயன் என்?’ என்று அவர் வினவுவர். அவ்வினாவில் உண்மை இல்லாமலில்லை. மெட்டின் இடையே வல்லார் சேர்த்த அழகுகளிற் பல எழுதப்படவில்லை. இடைக்கால ஆடலின் அடிகளோ அழிந்தே போயின. நல்ல குழுக்கள் இதனை மறைப்பதில்லை. இன்னது நூலில் உள்ளது, இன்னது எம் ஊகம் என்று பிரித்துச் சொல்லுதலே அவர்தம் நேர்மை. ஆனால் அவர்கள் மீட்டது பழைய ஒலியை மட்டுமன்று. தன் புத்தகத்தில் இல்லாத குரலுக்கும் செவிகொடுத்தல், வல்லார் மெல்லாருக்காகக் காத்திருத்தல், பிழைத்தவர் வெட்கி விலகாது மீண்டும் வந்து சேர்தல் ஆகிய பழக்கங்களையும் உடன்மீட்டனர். இவை ஊகமல்ல, அவ்விசையை இசைக்கும் எவரும் இன்றும் கைக்கொள்ள வேண்டியவை.

பொத்தானை அழுத்தியவுடன் உலகத்தின் இசையெல்லாம் செவியில் வந்து விழும் காலம் இது. கேட்பதற்குக் குறைவில்லை, கூடி இசைப்பதற்கே நாமெல்லாம் நாணி நிற்கின்றோம், மோர்லி நூலின் இளைஞனைப் போல. நண்பர்காள்! அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில் அம்மணியோசைக் கீதம் தொடங்கும்போது, அது ஒருவர் தனித்துக் கேட்பதற்கன்று, பலர் கைகோத்து அடிவைப்பதற்கே பிறந்தது என்பதை நினைவு கூர்மின். தனியொருவன் கையில் ஏட்டுச் சுரைக்காயாகவே இருப்பது, பலர் கூடியவிடத்து உண்ணும் உணவாதலும் கூடும்.